குளியலறையைத் திருத்தாமல் படுக்கையறைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

கேள்வி

ஐயா, கண்டியிலிருந்து ஹந்தானைப் பக்கம் ஏறும் சரிவில், 1980களில் கட்டிய நாலு மாடித் தொடரொன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் அரச ஊழியர்கள். இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை. கொமட்டும் அதற்குள்ளேதான். குளியலறைக்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். அதன் படுக்கையறைப் பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் சித்திரைக்கு முன் சுரண்டி, புட்டி போட்டு, பெயின்ட் அடிக்கிறோம். ஆடி பிறப்பதற்குள் பழையபடி உரிந்துவிடுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். கீழ் வீட்டுக்காரரும் தங்கள் குளியலறைச் சீலிங்கில் ஈரம் தெரிகிறது என்கிறார்.

மேசன் பாஸ் ஒருவரை அழைத்துக் கேட்டோம். அவர் சொன்ன தொகை எங்கள் கைக்கு எட்டாது. ஆகவே விடுமுறை நாட்களில் நாங்களே செய்வதென்று தீர்மானித்திருக்கிறோம். கணவருக்கு ட்ரில், கிரைண்டர் பிடித்துப் பழக்கம் உண்டு. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா? சுடுநீர் ஷவர் ஒன்று பூட்டலாமா? நடுச்சுவரில் கதவு வெட்டிக் குளியலறையைப் படுக்கையறையோடு சேர்க்கலாமா? எதை நாங்கள் செய்யலாம், எதை விட வேண்டும்? புத்தாண்டுக்கு முன் இரண்டு அறைகளும் முடிந்துவிடுமா? இளைய மகன் எங்களோடு அந்த அறையில்தான் படுக்கிறான். அவனுக்கு இழுப்பு வருத்தம் இருப்பதால் பயமாகவும் இருக்கிறது.

வாசகி, கண்டி

பதில்

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மகனை இன்றிரவே மற்ற அறைக்கு மாற்றிவிடுங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருப்போருக்கு ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. அலுமாரியைச் சுவரை விட்டு இழுத்து, யன்னலைத் திறந்துவிட்டு, பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த தூரிகையால் தட்டினால் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பிளீச் கலந்த தண்ணீர் பாவிக்கிறீர்கள் என்றால் அது மட்டும்தான் வாளியில் இருக்க வேண்டும். கொமட் கழுவும் அமிலத்தை அதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். துடைக்கும் நேரத்தில் பிள்ளை வீட்டில் இல்லாமலிருப்பது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். நீங்கள் இரண்டு அறைகளைத் திருத்தப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கிற வரையில் உங்களிடம் இருப்பது ஒரே பழுது. அது குளியலறையில் இருக்கிறது, படுக்கையறையில் தெரிகிறது. வருஷாவருஷம் நீங்கள் அடித்த பெயின்ட் நின்றுபிடிக்காததற்குப் பெயின்ட் காரணமில்லை. சுவருக்குள் தண்ணீர் நிற்கிறது. அது வெளியே வரும்போது சீமெந்திலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காற்றோடு போய்விட, உப்பு பூச்சின் மேற்பரப்பில் பளிங்காகி, பெயின்ட்டைத் தள்ளி உரிக்கிறது. எவ்வளவு விலை கூடிய பெயின்ட் அடித்தாலும் இதுதான் நடக்கும்.

ஆகவே கிரைண்டரை எடுப்பதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடியுங்கள். இதற்குச் செலவில்லை, இரண்டு மூன்று கிழமைப் பொறுமை போதும். படுக்கையறைச் சுவரில் ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் திகதியை எழுதுங்கள். மழை விட்ட நாட்களிலும் கோட்டைத் தாண்டி ஈரம் வளர்ந்தால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. மழை பெய்து ஒன்றிரண்டு நாளில் மட்டும் வளர்ந்தால் வெளிச்சுவரிலோ, கூரையிலிருந்து இறங்கும் பைப்பிலோ தேட வேண்டும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும். நவம்பர் மழைக்குப் பின் கூடியது என்று நீங்கள் சொல்வதை நான் அலட்சியம் செய்யமாட்டேன்.

அடுத்தது தண்ணீர் மீற்றர். இரவு படுக்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் பூட்டி, கொமட்டின் தொட்டி நிரம்பி நின்றபின் மீற்றரின் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாய் திறக்குமுன் பாருங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் சுவருக்குள் போகும் தண்ணீர்ப் பைப் கசிகிறது. கூரையில் தாங்கி இருந்தால் அது நிரம்பிய பிறகு அதற்குத் தண்ணீர் வரும் வால்வைப் பூட்டிவிட்டு, காலையில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கட்டடங்களில் பூட்டிய இரும்புப் பைப்கள் முழங்கை வளைவுகளில்தான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும்.

மீற்றர் அசையவில்லையா? அப்படியென்றால் அடுத்ததாக நிலத்தைச் சோதிக்க வேண்டும். குளியலறை நிலத்தின் வடிகால் வாயைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரைக் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். ஒரு நாள் நிற்கட்டும். கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் கூடினாலோ, நிறம் தெரிந்தாலோ விடை கிடைத்துவிட்டது. உடனே தண்ணீரைத் திறந்துவிடுங்கள். எதுவும் தெரியாவிட்டால் வடிகாலைத் திறந்து நாலைந்து வாளி வேகமாக ஊற்றிப் பாருங்கள். அப்போது மட்டும் கசிந்தால் பழுது நிலத்தில் இல்லை, வடிகால் பைப்பின் பொருத்தில் இருக்கிறது.

இந்தச் சோதனையைக் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் செய்யக் கூடாது. நீங்களும் கணவருமாகப் போய், திருத்த வேலை தொடங்கப் போகிறோம், உங்கள் சீலிங்கைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். ஈரம் இருக்கிற நிலையை இரு தரப்பும் பார்க்கப் படம் எடுத்து வையுங்கள். பழைய தொடர்மாடிகள் பலவற்றில் உங்கள் கொமட்டின் பைப் உங்கள் ஸ்லாப்பைத் துளைத்துக் கீழ் வீட்டுச் சீலிங்கில்தான் தொங்குகிறது. அவர்கள் கதவு திறக்காவிட்டால் உங்கள் வேலையில் பாதி நடக்காது. இடிக்கும் சத்தம் எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போயா நாட்களைத் தவிருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் இருப்பது மலைச்சரிவில். சுவரில் படிக்கட்டு வடிவில் சரிந்து ஏறும் வெடிப்பு, முன்பு சுலபமாகப் பூட்டிய கதவு இப்போது இறுகுவது, கட்டடத்துக்கும் வெளி நிலத்துக்கும் நடுவே புதிய பிளவு, இவற்றில் ஏதாவது அந்த நவம்பர் மழைக்குப் பின் வந்திருந்தால் எந்த வேலையையும் தொடங்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டி அலுவலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுத்தில் அறிவித்து, பார்வையிடச் சொல்லுங்கள். வெறும் பூச்சில் மயிரிழையாக ஓடும் வெடிப்புகளுக்கு இவ்வளவு அச்சம் தேவையில்லை. ஆனால் சரிவு நகர்கிறதா இல்லையா என்பதை நீங்களோ நானோ கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

நடுச்சுவரில் கதவு வெட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நாலு மாடித் தொடர்கள் பலவற்றில் தூணும் பீமும் இல்லாமல் செங்கற்சுவர்களே மேல்மாடிகளைத் தாங்குகின்றன. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் பெரும்பாலும் பாரம் தாங்கும் சுவர்தான். நாலரை அங்குலச் சுவரும் பாரம் தாங்கவில்லையென்று வரைபடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. உங்களுக்கு மேலே இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. மாடிவீட்டு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி கட்டடத்தின் பிரதான சுவர்களும் பொதுப் பைப்களும் எல்லா வீட்டுக்காரருக்கும் பொதுவானவை. அவற்றில் கை வைக்க எழுத்து மூல அனுமதி வேண்டும். கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையையோ, உறுதி இன்னும் வீடமைப்பு அதிகாரசபையின் பெயரில் இருந்தால் அவர்களையோ கேளுங்கள். டைல்ஸ் மாற்ற இவ்வளவு தேவையில்லை. சுவரில் வாசல் திறக்கத் தேவை.

எதை நீங்கள் செய்யலாம், எதை விடலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான்: பிழைத்தால் உங்கள் உழைப்பும் கொஞ்சம் சாமானும் மட்டும் வீணாகும் வேலை உங்களுடையது. பிழைத்தால் உயிர் போகக்கூடிய வேலையும், பிறர் வீட்டுக்குள் கழிவுநீர் இறங்கக்கூடிய வேலையும் தொழில் தெரிந்தவருடையது. இந்தக் கணக்கில் பழைய டைல்ஸ் கழற்றுவது, நீர்காப்புப் பூச்சு, டைல்ஸ் ஒட்டுவது, பூச்சு, பெயின்ட் எல்லாம் உங்கள் கையால் ஆகும். கூலியில் பெரும்பகுதியும் இவற்றில்தான் இருக்கிறது. கொமட்டின் நாலு அங்குலப் பைப்பை ஸ்லாப்பில் பொருத்துவதற்கு ஒரு நாள் பிளம்பரைக் கூப்பிடுங்கள். மின்சாரத்துக்கு என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள வயரிங்காரரைக் கூப்பிடுங்கள்.

சுடுநீர் ஷவர் இந்த இடத்தில்தான் வருகிறது. மார்கழி, தை மாதக் கண்டிக் காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டும் எவருக்கும் அந்த ஆசை நியாயமானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 3.5 கிலோவாற்று ஷவர் 230 வோல்ற்றில் 15 அம்பியர் இழுக்கும். 5.5 கிலோவாற்று என்றால் 24 அம்பியர். சாதாரண வீட்டு இணைப்பு முழுவதுக்கும் கிடைப்பது 30 அம்பியர். பெரிய ஷவர் ஓடும்போது கேத்தலையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட முடியாது. சிறியதை வாங்குங்கள். பழைய வட்டமுனை பிளக் பொயின்ட்டிலிருந்து வயர் இழுத்துக் கொடுப்பது தீப்பிடிக்க வைக்கும் வழி. விநியோகப் பெட்டியிலிருந்து தனியான பிரேக்கரோடு, குறைந்தது 4 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள தனிக் கேபிள் வர வேண்டும். எர்த் கம்பி உண்மையிலேயே நிலத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் மின் ஷவரே வேண்டாம். இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை இப்போதே அழுத்துங்கள். விழாவிட்டால் அந்த ட்ரிப் சுவிட்ச் இருந்தும் இல்லாததுதான், ஷவர் வாங்கும் முன் அதை மாற்றுங்கள். மின்சாரம் வேண்டாமென்று கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பூட்டும் எண்ணம் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சிறிய மூடிய அறையில் அதன் புகை, மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டுவது, கசிவே இல்லாத குளியலறையில் செய்யக்கூடிய காரியம். உங்களுடையதில் கூடாது. கசிவு கீழே அப்படியே இருக்கும், மேலே புது டைல்ஸ் பாரமும் ஏறும், வாசற்படியும் கொமட்டின் உயரமும் பொருந்தாமல் போகும். கழற்றத்தான் வேண்டும்.

கழற்றினால் என்ன வரும் என்பதை முதலே தெரிந்துகொள்ளுங்கள். நாலடிக்கு ஏழடிக் குளியலறையில் நிலமும் ஐந்தடி உயரத்துக்குச் சுவரும் கழற்றினால் டைல்ஸும் சாந்துமாக அரைத் தொன்னுக்கு மேல் வரும். அதை நீங்கள் இரண்டு மாடி இறக்க வேண்டும். 50 கிலோ சீமெந்துப் பையை அரைவாசி மட்டும் நிரப்புங்கள். முழுப் பையைத் தூக்கிப் படியிறங்கி முதுகு பிடித்துப் படுத்தால் வேலை அத்தோடு நின்றுவிடும். பைகளை ஒரே மூலையில் அடுக்காமல் அன்றன்றே இறக்குங்கள். மாநகரசபைக் குப்பை வண்டி இவற்றை ஏற்றுமென்று எதிர்பார்க்காமல், கொண்டுபோக ஒரு சிறு லொறியை முதலே பேசிவையுங்கள்.

கிரைண்டரால் உலர் வெட்டு வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் கிரைண்டரைக் குறைத்து, உளியும் சுத்தியலும் கூடுதலாகப் பாவியுங்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து ஈரமாக வெட்டுங்கள், ஆனால் அந்தத் தண்ணீர் மின்மோட்டரில் படக் கூடாது. என்95 முகக்கவசம் போடுங்கள். குளியலறைக் கதவுக்கு ஈரச் சேலையைத் தொங்கவிடுங்கள். இடிக்கும் இரண்டு நாளும் பிள்ளைகள் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

சீலிங்கோ பழைய வடிகால் பைப்போ அஸ்பெஸ்டஸாக இருந்தால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ சுரண்டவோ கூடாது. இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் அதற்குப் பின்னும் கூரைத் தகடுகளில் தொடர்ந்து வந்தது. உடையாமல் இருக்கும் தகட்டுக்கு மேலே பெயின்ட் அடித்து அப்படியே விடுவதுதான் பாதுகாப்பு.

டைல்ஸ் போனபின் ஸ்லாப்பைப் பாருங்கள். கம்பி வெளியே தெரிந்து, துரு பருத்து, கொங்கிரீற்று செதில்செதிலாகக் கழன்றால் அங்கே நிறுத்திப் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். ஸ்லாப் ஒரு அடி பள்ளமாக இறக்கப்பட்டு உடைகல் நிரப்பியிருந்தால், அந்த உடைகல் முழுவதும் பல வருஷமாகத் தண்ணீரைக் குடித்து நிற்கும். அதை விட்டுவைத்து மேலே டைல்ஸ் போட்டால் அந்த ஈரம் தொடர்ந்து உங்கள் படுக்கையறைச் சுவருக்குத்தான் ஊறும். முழுவதையும் அள்ளிப் பள்ளத்தின் அடியைக் காய விடுங்கள்.

இரும்புப் பைப்களை இந்தச் சந்தர்ப்பத்திலேயே மாற்றிவிட வேண்டும். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் ஒட்டினால் அடுத்த ஓட்டை புது டைல்ஸுக்குப் பின்னால் விழும். பைப்பைப் புதைக்கச் சுவரில் சாலடிப்பதற்கு ஒரு எல்லை உண்டு: நெடுக்குச் சாலின் ஆழம் சுவர்த் தடிப்பின் மூன்றில் ஒன்றை மிஞ்சக் கூடாது, கிடைச்சாலின் ஆழம் ஆறில் ஒன்றை மிஞ்சக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் நெடுக்காக ஒன்றரை அங்குலம் போகலாம். கிடையாக முக்கால் அங்குலம்தான், அரை அங்குலப் பைப் கூட அதற்குள் சரியாக அடங்காது. ஆகவே பைப்பை நிலத்தோரமாகக் கொண்டுபோய் வேண்டிய இடத்தில் நெடுக்காக மேலே ஏற்றுங்கள். மூடுவதற்கு முன் வாய்களை அடைத்துத் தண்ணீர் விட்டு ஒரு நாள் வையுங்கள். அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடி பைப்களைப் படமெடுத்து வைத்தால், பின்னொரு நாள் சாமான் தட்டு பூட்ட ஆணி அடிக்கும்போது பைப்பைத் துளைக்காமல் தப்பலாம்.

இனி நீர்காப்புப் பூச்சு. முழு வேலையிலும் நீங்கள் அவசரப்படவே கூடாத இடம் இது. பல பழைய குளியலறைகளில் இப்படியொரு படையே இல்லை. டைல்ஸும் அதன் இடையிலுள்ள சீமெந்தும் தண்ணீரைத் தடுக்குமென்று நம்பிக் கட்டினார்கள். அவை தடுப்பதில்லை. தண்ணீர் அவற்றினூடாக மெல்ல இறங்கும், தடுக்க வேண்டியது அடியிலுள்ள படைதான். ஹார்ட்வெயார் கடையில் பவுடரும் பாலுமாக இரண்டு பங்காக வரும் சீமெந்துவகைப் பூச்சைக் கேளுங்கள். வடிகாலை நோக்கி நிலத்துக்கு முதலில் சரிவு கொடுங்கள். ஏழடி நீளத்துக்கு ஒரு அங்குலம் இறங்கினால் போதும். சுவரும் நிலமும் சேரும் மூலையெங்கும் சாந்தால் வளைவாக உருட்டி மூடுங்கள். கூர்மூலையில்தான் பூச்சு வெடிக்கும். அந்த மூலைகளிலும் வடிகால் வாயைச் சுற்றியும் கொமட் பைப்பைச் சுற்றியும் வலைத்துணி வைத்துப் பூசுங்கள்.

சுவர் நனைந்து, ஆனால் தண்ணீர் வழியாமல் இருக்கும் பதத்தில் முதற்கை பூசுங்கள். பைக்கற்றில் எழுதிய நேரம் கழித்து இரண்டாம் கையைக் குறுக்காகப் பூசுங்கள். முதலாவதை மேலும் கீழுமாகப் பூசியிருந்தால் இதை இடமும் வலமுமாகப் பூச வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு வர வேண்டும். மற்றச் சுவர்களில் ஒரு அடி உயரம் போதும். ஷவர் பக்கத்திலும் படுக்கையறையோடு பொதுவான நடுச்சுவர் முழுவதிலும் ஆறடி உயரம் ஏற்றுங்கள். வாசலில் இரண்டு அங்குலக் கட்டை கட்டி அதன் மேலாகவும் பூச்சைக் கொண்டுவாருங்கள். வாசற்கட்டையில் பூச்சை விட்டுவிடுவது பலர் செய்யும் பிழை. நிலத்துச் சாந்துக்குள் ஊறிய தண்ணீர் அந்த வழியாகத்தான் அறைப் பக்கம் வருகிறது.

காய்ந்தபின் வடிகாலை மறுபடி அடைத்து, 48 மணித்தியாலம் தண்ணீர் நிறுத்துங்கள். கீழ் வீட்டுச் சீலிங்கையும் படுக்கையறைச் சுவரையும் இரண்டு நாளும் பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் ஒரு டைல் கூட ஒட்ட வேண்டாம், பாஸ் யாராவது வந்து தேவையில்லை என்று சொன்னாலும்.

டைல்ஸ் ஒட்டுவது அதற்குப் பிறகு சுலபம். நிலத்துக்கு வழுக்காத சொரசொரப்பான சிறிய டைல்ஸ் எடுங்கள். பெரிய டைலைச் சரிவுக்கு வளைக்க முடியாது. நாலு மூலையில் நாலு பிடி சீமெந்து வைத்து அழுத்தும் பழக்கத்தை விடுங்கள். நடுவே பொள்ளல் விழுந்து, தட்டினால் ஓசை மாறும். அங்கே தண்ணீர் தேங்கும். பல்லுள்ள கரண்டியால் பசையை முழுப் பரப்புக்கும் இழுத்து ஒட்டுங்கள். கொமட்டை வைக்கும்போதும் நிலத்து வடிகாலைப் பூட்டும்போதும் உள்ளே இரண்டு அங்குலமாவது தண்ணீர் நிற்கும் ட்ரப் இருக்கிறதா என்று பாருங்கள். நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

இருக்கும் ஒரே கொமட்டைக் கழற்றிவிட்டு எத்தனை நாள் சமாளிப்பது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். சாமான் முழுவதும் வீட்டுக்கு வந்து சேருமுன் கொமட்டில் கை வைக்காதீர்கள். பைப் வேலை முடிந்தவுடன் பழைய கொமட்டைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, நீர்காப்புப் பூச்சுக்கும் சோதனைக்கும் டைல்ஸுக்குமான நாட்களில் மட்டும் கழற்றினால் அயலவரையோ உறவினரையோ அண்டியிருக்கும் காலம் ஒரு கிழமை அளவில் அடங்கும்.

படுக்கையறைக்கு வருகிறேன். ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். இதைக் குளியலறை இடிக்கும் அதே நாளில் செய்துவிட்டால் தூசி ஒரு தடவையோடு போகும். அதற்குப் பின் சுவரை ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். பூக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் கூட்டி வெளியே எறியுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு திரும்பவும் உள்ளே போகும். மீண்டும் பூசும்போது ஒரு பங்கு சீமெந்துக்கு ஆறு பங்கு கழுவிய ஆற்று மணல் போடுங்கள். ஒன்றுக்கு மூன்று என்று இறுக்கமாகக் கலந்தால் பலமாயிருக்கும் என்பார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை அடைத்து வைத்து, பிறகு தகடாகக் கழன்று விழும்.

பூச்சு 28 நாள் காய்ந்த பிறகு ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அறைப் பக்கம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம், அதற்கு மருந்து காற்றோட்டம். கண்டியில் இது சின்ன விஷயமல்ல. இரவில் சுவர் குளிரும், உள்ளே மூச்சுக்காற்றும் துவைத்த உடுப்புகளும் ஈரத்தைக் கூட்டும். யன்னலுக்கு மேலே பழைய வீடுகளில் உள்ள காற்றுத் துவாரங்களைக் கொசுவுக்குப் பயந்து பலர் அட்டையால் அடைத்துவிட்டார்கள். அடைப்பை எடுத்து, கொசுவலை அடியுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள், முடிந்தால் அந்தச் சுவரிலேயே வைக்க வேண்டாம்.

பெயின்ட்டில் மினுமினுப்பைத் தேடாதீர்கள். மங்கலான எமல்ஷன் சுவரை மூச்சுவிட வைக்கும், எனமல் அடைத்துவிடும். கதவிலும் யன்னல் நிலையிலும் உள்ள பழைய எனமலை உலர்ந்த மண்கடதாசியால் தேய்க்கக் கூடாது. இந்நாட்டில் பெயின்ட்டிலுள்ள ஈயத்துக்குக் கட்டாய வரம்பு வந்தது 2010களின் தொடக்கத்தில்தான். உங்கள் கதவுகள் அதற்கு முந்தியவை. தேய்க்கத்தான் வேண்டுமென்றால் நனைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

புத்தாண்டுக்கு முன் முடியுமா என்ற கேள்விக்கு: குளியலறை முடியும், படுக்கையறை முடியாது. கண்டியில் மழை கூடக் கொட்டுவது ஒக்டோபர், நவம்பரில். தை கடைசியிலிருந்து பங்குனி வரை ஓரளவு வெயில். இடிப்பையும் நீர்காப்பையும் அந்த இடைவெளியில் வையுங்கள். சாமான் வாங்குவதைச் சித்திரைக்கு முந்திய கிழமைகளுக்குத் தள்ளாதீர்கள், பாஸ்மார் ஊருக்குப் போய்விடுவார்கள், கடைகளும் பூட்டியிருக்கும்.

நடுச்சுவரின் கணக்கு வேறு. ஈரச் செங்கல் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்ற அளவில் காயும் என்பது கட்டடத் தொழிலில் பழைய கணக்கு. உங்கள் சுவர் நாலரை அங்குலம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பக்கம் இப்போது நீர்காப்பும் டைல்ஸும் வந்துவிடும். ஆகவே அது படுக்கையறைப் பக்கமாக மட்டும்தான் காய வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் பிடிக்கும். பகலில் யன்னலைத் திறந்து, மின்விசிறியைச் சுவரை நோக்கி வைத்தால் கொஞ்சம் குறையும். மாசியில் குளியலறை முடிந்தால் ஆனியில் பூச்சு, ஆடி நடுவில் பெயின்ட். அதுவரை செங்கல் தெரியும் சுவரோடு புத்தாண்டு கொண்டாடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் காய்கிறது என்று சொல்லுங்கள். பெயின்ட் அடித்த பின்னும் மகனை உடனே அந்த அறைக்கு மாற்ற வேண்டாம். மணம் முற்றாகப் போகட்டும். பென்சில் கோடு இருந்த உயரத்தை யன்னல் நிலையில் ஒரு சிறு குறியாக வைத்திருங்கள். வரும் ஒக்டோபர் மழை முழுவதும் அந்த உயரத்துக்குக் கீழே சுவரைத் தொட்டுப் பாருங்கள். மார்கழியிலும் உலர்ந்திருந்தால் அவன் அங்கே படுக்கலாம்.